காலதர் முதல் ஏ.சி. வரை: வீட்டுக் காற்றுவழியைச் சுத்தம் செய்ய நம்பிக்கையான ஆளைப் பிடிப்பது எப்படி?

மலர்க் குழுவினர் இந்த ஆண்டும் கட்டுரை கேட்டு வீட்டுக்கு வந்தார்கள். ஜைனிமேட்டுச் சந்திரநாதர் கோயிலைப் பற்றி எழுதுங்கள், உங்களை விட்டால் அதற்கு யார் இருக்கிறார்கள் என்றார் செயலாளர். கோயில் எங்கேயும் ஓடிவிடாது, அடுத்த மலருக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன். இந்த முறை நம் வீடுகளுக்குள் ஓடுகிற காற்றையும், அந்தக் காற்று ஓடுகிற குழாயையும், அந்தக் குழாயைச் சுத்தம் செய்கிறேன் என்று வாசலுக்கு வருகிற ஆட்களையும் பற்றி எழுத வேண்டும் என்று எனக்கு ஒரு வேகம். ஏலக்காய் வாங்கி விற்கிறவனுக்கு ஏ.சி.யைப் பற்றி என்ன தெரியும் என்று அன்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன் என்பதுதான் பதில்.

2024 ஏப்ரலில் பாலக்காட்டில் வெயில் 41 டிகிரியைத் தாண்டியது எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த வெயிலில் இரவும் பகலும் ஓடிய ஏ.சி., மழைக்காலம் முடிந்து மறுபடி போட்டபோது ஒரு நாற்றம் நாறியது. மகன் கடைக்குப் போயிருந்தான். மருமகள், வாசலில் செருகி வைத்திருந்த ஒரு நோட்டீஸைப் பார்த்து போன் செய்துவிட்டாள். 'ஏர் டக்ட் கிளீனிங், வீடு முழுவதும் வெறும் 499 ரூபாய்' என்று நோட்டீஸில் அச்சடித்திருந்தது. இரண்டு பேர் வந்தார்கள். ஏ.சி.க்குள் கையை விட்டுக் கறுப்பாக எதையோ ஒரு வெள்ளைத் துணியில் தேய்த்துக் காட்டி, "டக்ட் முழுக்கப் பூஞ்சை பிடிச்சிருக்கு, குழந்தை இருக்கிற வீடு, நிமோனியா வந்துடும்" என்று பயமுறுத்தினார்கள். பிறகு ஏதோ ஒரு மருந்துப் புகையை அறை முழுவதும் அடித்தார்கள். நல்ல வாசனையாகத்தான் இருந்ததாம். கணக்குப் போட்டபோது 499 ரூபாய் 7,800 ரூபாய் ஆகியிருந்தது. பில் கேட்டதற்கு வாட்ஸ்அப்பில் வரும் என்றார்கள். வரவே இல்லை.

காசு போனது பெரிதல்ல. அன்றிரவு நான்கு வயதுப் பேரனுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்து நெபுலைசர் கொடுத்தார்கள். "வீட்டுல என்ன மருந்து அடிச்சாங்க?" என்று டாக்டர் கேட்டார். எங்களுக்குத் தெரியவில்லை. வந்தவர்கள் கொண்டுவந்த பாட்டிலில் பெயரே ஒட்டியிருக்கவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் நான் நின்ற நிலைமை யாருக்கும் வரக்கூடாது.

பிறகுதான் தெரிந்தது, எங்கள் வீட்டில் டக்ட் என்று ஒன்று கிடையவே கிடையாது! இல்லாத குழாயைச் சுத்தம் செய்ததற்கு 7,800 ரூபாய் கொடுத்திருக்கிறோம்.

அன்றிலிருந்து இந்த விஷயத்தைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்ததில் முதலில் எனக்குப் பிடித்தது ஒரு சொல். காலதர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. ஜன்னலுக்கு நம் முன்னோர் வைத்த பெயர் இது. சேர நாட்டு இளங்கோவின் சிலப்பதிகாரத்தில், புகார் நகரத்து மருவூர்ப்பாக்க மாளிகைகளின் காலதர் மானின் கண் வடிவில் இருந்ததாக வருகிறது. பத்துப்பாட்டில் நெடுநல்வாடையைப் படித்தால், வாடைக் காலத்தில் தென்றல் வரும் ஜன்னலைச் சாத்தித் தாழிட்டுவிடுகிறார்கள். தடவு என்கிற வாயகன்ற கணப்புச் சட்டியில் நெருப்பு மூட்டிக் குளிர் காய்கிறார்கள். கதவைச் சாத்திவிட்டு உள்ளே நெருப்பு மூட்டுவது அந்தக் காலத்து வீடுகளில் பெரிய ஆபத்தாக இருந்திருக்காது என்று நினைக்கிறேன். கூரையிலும் கதவிடுக்கிலும் காற்று போக ஆயிரம் சந்து இருந்திருக்கும். இன்றைய கான்கிரீட் வீட்டில் அதே காரியத்தைச் செய்தால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

காற்றுவழி என்று நாம் பொதுவாகச் சொன்னாலும் வீட்டில் இருப்பவை இரண்டு ஜாதி. ஒன்று, புகையையும் எண்ணெய்ப் பிசுக்கையும் வெளியே கொண்டுபோகிற குழாய். மற்றொன்று, அறைக்குள் இருக்கிற காற்றையே எடுத்துக் குளிரவைத்துத் திரும்ப விடுகிற வழி. முதல் ஜாதியை அடைப்பு விழுகிறதோ இல்லையோ, காலம் தவறாமல் சுத்தம் செய்தே ஆக வேண்டும். இரண்டாம் ஜாதியில் தேவை கண்ணுக்குத் தெரிந்தால்தான் பெரிய சுத்தம். மற்றபடி நாமே கழுவிக்கொள்கிற சின்ன வேலைதான். நோட்டீஸ் அடித்து வருகிறவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பித்தான் பிழைக்கிறார்கள். ஆளைப் பிடிப்பதற்கு முன்னால் நம் வீட்டில் இருப்பது எந்த ஜாதி என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது தெரிந்தால் பாதி மோசடி வாசலோடு நின்றுவிடும்.

முதல் ஜாதிக் குழாயோடு எனக்கு நாற்பது வருடப் பழக்கம். வந்தவாசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த நாளில் நான் முதலில் வேலை பார்த்தது இடுக்கியில், வண்டன்மேட்டுக்கு அந்தப்பக்கம் ஓர் ஏலக்காய் ஸ்டோரில். தோட்டக்காரர்கள் ஸ்டோர் என்றால் அது சரக்கு வைக்கிற இடம் அல்ல, பச்சைக் காயை உலர்த்துகிற வீடு. வெளியே அடுப்பு இருக்கும். அதில் விறகு எரித்தால் சூடும் புகையும் தகரக் குழாய் வழியாக அறைக்குள் சுற்றி வந்து, கடைசியில் புகைக்கூண்டு வழியே வெளியேறும். குழாய்க்கு மேலே வலைத்தட்டுகளில் காய் பரப்பியிருக்கும். காய்க்குச் சூடு மட்டும் படவேண்டும், புகை படக்கூடாது. 50 டிகிரிக்கு அக்கம்பக்கம் சூட்டை நிதானமாக வைத்து, ஒரு பகல் ஓர் இரவுக்கு மேல் காய்ந்தால்தான் அந்தப் பச்சை நிறம் நிற்கும். ஐந்து கிலோ பச்சைக் காய் சுமார் ஒரு கிலோ உலர்ந்த காய் ஆகும்.

அந்தத் தகரக் குழாயில் கரி படிந்துகொண்டே வரும். கவனிக்காமல் விட்டால் புகை வெளியேற வழியில்லாமல், மூட்டுகளில் கசிந்து அறைக்குள் இறங்கிவிடும். புகை வாடை அடித்த காயைப் புற்றடி ஏலத்துக்குக் கொண்டுபோனாலும் போடிநாயக்கனூருக்குக் கொண்டுபோனாலும் வியாபாரி ஒரு கை எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டுவிடுவான். ஒரு வருடம் முதலாளி சிக்கனம் பார்த்துக் குழாய் சுத்தம் செய்வதைத் தள்ளிப்போட்டார். ராத்திரித் தட்டுப் புரட்ட உள்ளே போன பையன் வெகுநேரம் ஆகியும் வெளியே வரவில்லை. நாங்கள் கதவைத் திறந்து இழுத்துப் போட்டபோது நினைவில்லாமல் கிடந்தான். நல்ல காலம், வெளிக்காற்றில் கொஞ்ச நேரம் கிடத்தியதும் கண் விழித்தான். மறுநாள் குழாயைக் கழற்றித் தட்டினோம், கொட்டிய கரி ஒரு சாக்கு நிரம்பியது.

அந்தப் பையனைச் சாய்த்தது கண்ணை எரிக்கிற புகை மட்டும் அல்ல, அதோடு வருகிற கார்பன் மோனாக்சைடு. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் பலமாகப் பிடித்துக்கொள்ளும். தூக்கம் வருகிற மாதிரி இருக்கும், அப்படியே போய்விடும். 2020 ஜனவரியில் நேபாளத்தில் டாமன் என்ற மலை ஊரில், கேரளத்திலிருந்து சுற்றுலா போன எட்டுப் பேர், அதில் நான்கு பேர் குழந்தைகள், ஒரே அறையில் கேஸ் ஹீட்டரைப் போட்டுக் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்தவர்கள் விடியும்போது எழுந்திருக்கவில்லை. நெடுநல்வாடையின் கணப்பும் சாத்திய ஜன்னலும்தான், ஆனால் சந்து இல்லாத அறை. மூணாறு, வட்டவடை, தேவிகுளம் பக்கத்து நம் குடும்பங்கள் மார்கழிக் குளிரில் கரி அடுப்பை அறைக்குள் கொண்டுவந்து வைத்துக்கொண்டு படுப்பதை நானே பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். குளியலறைக்குள் கேஸ் கீசர் வைத்திருக்கிறவர்களுக்கும் இதே வார்த்தைதான். அது அறைக்கு வெளியே இருக்க வேண்டிய சாமான்.

கரிக்குழாயைச் சுத்தம் செய்கிறவனுடைய உடம்பையும் பார்க்க வேண்டும். லண்டன் நகரத்தில் புகைக்கூண்டு துடைக்கச் சின்னப் பையன்களை உள்ளே ஏற்றி விடுவார்களாம். அந்தத் தொழில் செய்தவர்களுக்கு ஒரு குறிப்பிட்ட புற்றுநோய் வருவதைப் பெர்சிவல் பாட் என்ற அறுவை மருத்துவர் 1775-லேயே எழுதி வைத்தார். ஒரு தொழிலால் புற்றுநோய் வரும் என்று முதலில் சுட்டிக்காட்டியவர்களில் அவர் ஒருவர். இன்றும் ஸ்டோர்க் குழாய் தட்டுகிற ஆளுக்கு முகமூடியும் கையுறையும் கொடுக்காத முதலாளிகள் உண்டு. நானும் என் தொழிலின் முதல் பத்து வருடம் கொடுக்கவில்லை. தெரியாமல் செய்தது.

இந்த மலரைப் படிக்கிற பலர் வீட்டில் இன்னும் விறகடுப்பு உண்டு, குறிப்பாக எஸ்டேட் லயங்களில். பாலக்காட்டுக்காரர்கள் பெருமைப்பட ஒரு செய்தி சொல்கிறேன். கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் 1980-களில் பரப்பிய 'பரிஷத் அடுப்பு' என்கிற புகைபோக்கி வைத்த அடுப்பைப் பழைய ஆட்கள் அறிவார்கள். அந்தப் பரிஷத்தின் தொழில்நுட்ப மையம் நம் முண்டூரில்தான் இருக்கிறது. மத்திய அரசும் 1983 முதல் 2002 வரை நாடு முழுவதும் மேம்பட்ட அடுப்புத் திட்டம் நடத்தியது. அடுப்பு நல்ல அடுப்புதான். ஆனால் ஒடிசாவில் சுமார் 2,600 குடும்பங்களை நான்கு வருடம் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு 2012-ல் வெளிவந்தது. முதல் வருடம் வீட்டுக்காரர்கள் உள்ளே இழுக்கிற புகை குறைந்தது; அதன் பிறகு அந்த லாபம் மறைந்துவிட்டது. அடுப்பைப் பழுது பார்க்கவும் குழாயைத் துடைக்கவும் ஆள் இல்லை, ஜனங்களும் அக்கறை காட்டவில்லை. புகைபோக்கி வைத்தால் போதாது, துடைத்தால்தான் அது புகைபோக்கி.

விறகடுப்பு போய் கேஸ் வந்த வீடுகளில் இதே இடத்தைப் பிடித்திருப்பது மின்சாரச் சிம்னி. நம் வீடுகளில் உண்மையான 'டக்ட்' எது என்று கேட்டால் இதுதான். அடுப்புக்கு மேலே இழுக்கிற விசிறி, அதற்குக் கீழே எஃகு ஃபில்டர், பின்னால் சுவரைத் துளைத்து வெளியே போகிற அலுமினியக் குழாய். ஃபில்டரை எல்லோரும் கழுவுகிறார்கள். குழாயை யாரும் கழற்றிப் பார்ப்பதில்லை. வடை, அப்பளம், பப்படம் பொரிக்கிற எண்ணெய் ஆவி அந்தக் குழாயின் மடிப்புகளில் பிசினாகப் படிந்திருக்கும். தாளிக்கும்போது தீ மேலே எழும்பி அதில் பற்றினால் சுவருக்குள்ளே எரியும். எங்கள் வீட்டில் பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடிந்துவிடும், பொரியல் வகையும் குறைவு. அப்படியும் வருடம் ஒரு முறை குழாயைக் கழற்றினால் விரலளவு பிசின் வருகிறது. தினம் இரண்டு வேளை பொரிக்கிற வீட்டுக்கு ஆறு மாதம் ஒரு முறை வேண்டும்.

சிலர் வீடுகளில் சிம்னிக்கு வெளிக்குழாயே இருக்காது. கரி ஃபில்டர் வழியாகக் காற்றை அறைக்குள்ளேயே திருப்பி விடுகிற மாடல். அந்த வீட்டில் டக்ட் சுத்தம் செய்கிறேன் என்று யாராவது வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று உங்களுக்கே தெரியும்.

சிம்னி சுத்தம் செய்ய வருகிற ஆளிடம் முதலில் கேட்க வேண்டியது, எதை ஊற்றிக் கழுவப் போகிறாய் என்பது. காஸ்டிக் சோடா என்றால் அலுமினியத்தில் படவே விடாதீர்கள். அது அலுமினியத்தை அரிக்கும். அரிக்கும்போது ஹைட்ரஜன் வாயு வரும், அது தீப்பற்றக் கூடியது. எஃகு ஃபில்டருக்குப் பரவாயில்லை. இந்த வித்தியாசம் தெரிந்தவன் தொழில் தெரிந்தவன். எல்லாவற்றையும் ஒரே வாளியில் முக்குகிறவனுக்கு டீ கொடுத்து அனுப்பிவிடலாம்.

இங்கே ஒரு சின்ன விஷயம். போன வருடம் எங்கள் சிம்னிக் குழாயின் வெளிவாயில் மைனா கூடு கட்டிவிட்டது. வந்தவன் குச்சியை விட்டுத் தள்ளப் பார்த்தான். உள்ளே குஞ்சுகள் சத்தம். வேண்டாமப்பா, பறந்து போனதும் வா என்று அனுப்பிவிட்டேன். மூன்று வாரம் சிம்னியைப் போடாமல் ஜன்னலைத் திறந்து வைத்துச் சமைத்தோம். வீட்டம்மாளுக்குக் கொஞ்சம் கோபம்தான். குஞ்சுகள் போன பிறகு கூட்டை எடுத்து, காற்று வந்தால் மட்டும் திறக்கிற மூடியைப் போட்டுவிட்டோம். முதலிலேயே போட்டிருந்தால் மைனாவுக்கும் நமக்கும் சங்கடமில்லை.

இனி இரண்டாம் ஜாதி. நம் வீடுகளில் இருக்கிற ஸ்பிளிட் ஏ.சி.க்கு டக்ட் கிடையாது. உள்ளே ஒரு பெட்டி, வெளியே ஒரு பெட்டி, நடுவில் ஓடுவது குளிர்வாயு ஓடுகிற செம்புக் குழாயும் ஒயரும்தான். கூடவே தண்ணீர் வடிகிற ஒரு பிளாஸ்டிக் குழாய். வெளிக்காற்று உள்ளே வருவதே இல்லை. அறையின் காற்றையே இழுத்துக் குளிரவைத்து விடுகிறது. ஆகவே அழுக்கு சேருவது மூன்று இடத்தில். முகப்பைத் திறந்தால் தெரிகிற வலை ஃபில்டர், அதன் பின்னால் தகடு தகடாக இருக்கிற காயில், கீழே சுழல்கிற ப்ளோயர். நாற்றம் வந்தால் பெரும்பாலும் காயிலிலும் ப்ளோயரிலும் ஈரமும் தூசியும் சேர்ந்த பூஞ்சை. அறைக்குள் தண்ணீர் சொட்டினால் பெரும்பாலும் வடிகுழாய் அடைப்பு.

பாலக்காட்டில் தூசி மற்ற ஊர்களைவிட அதிகம், காரணம் கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலையில் முப்பது கிலோமீட்டருக்கு மேல் அகலத்துக்குத் திறந்து கிடக்கிற வாசல் அது. கார்த்திகை பிறந்தால் கிழக்கிலிருந்து வறண்ட காற்று அதன் வழியாக அடிக்கும். மலையாளிகள் விருச்சிகக் காற்று என்பார்கள். சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஜன்னலைத் திறந்தால் மேசை மேல் விரலால் பெயர் எழுதலாம். அந்த மாதங்களில் வலை ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை குழாய்த் தண்ணீரில் கழுவிவிட வேண்டும். இதற்கு ஆள் வேண்டாம், பத்து நிமிட வேலை. காயிலையும் ப்ளோயரையும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவதற்குத்தான் மெக்கானிக். வருடம் ஒரு முறை, வெயில் தொடங்குவதற்கு முன் மாசியில் கழுவினால் போதும், ஏ.சி. எந்நேரமும் ஓடுகிற வீட்டுக்கு இரண்டு முறை. மூணாறில் ஏ.சி. யாருக்கு வேண்டும்? அவர்களுக்கு முதல் ஜாதிதான் கவலை.

மெக்கானிக்குகள் சொல்லும் பொய்களில் ராஜப் பொய் ஒன்று உண்டு: "கேஸ் தீர்ந்து போச்சு சார்." கேஸ் என்பது பெட்ரோல் மாதிரி எரிந்து தீருகிற சாமான் அல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருந்தால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். ஓட்டையைக் கண்டுபிடித்து அடைக்காமல் கேஸ் மட்டும் நிரப்புகிறவன் அடுத்த வருடமும் உங்களிடம் வாங்கத் திட்டம் போடுகிறான். உங்கள் ஏ.சி.யில் எந்த கேஸ் என்று வெளிப்பெட்டியில் ஒட்டியிருக்கும். ஆர்-32 இலேசாகத் தீப்பற்றும். ஆர்-290 என்பது புரொபேன், சமையல் கேஸின் அண்ணன் தம்பி. ஓட்டை தேடுவதற்கு நைட்ரஜன்தான் ஏற்ற வேண்டும். ஆக்சிஜன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வருகிறவனை மாடிப்படி ஏறவே விடாதீர்கள், உள்ளே இருக்கிற எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும்.

உண்மையான டக்ட் உள்ள வீடுகளில் வசிப்பது நம் பிள்ளைகள். துபாயில் இருக்கிற என் தம்பி மகன் ஃபிளாட்டில் கூரைக்கு மேலே குழாய் ஓடுகிறது. அங்கும் இதே நோட்டீஸ், இதே பயமுறுத்தல். அமெரிக்காவில் இந்தத் தொந்தரவு இன்னும் அதிகம். அந்நாட்டு அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1997-ல் இதற்கென்றே ஒரு கையேடு வெளியிட்டது. மகனை விட்டு எடுக்கச் சொல்லி, அகராதியை வைத்துக்கொண்டு முழுக்கப் படித்தேன். டக்ட் சுத்தம் செய்வதால் நோய் வராமல் தடுக்கப்படும் என்று இதுவரை நிரூபிக்கப்படவில்லை என்று அது வெளிப்படையாகச் சொல்கிறது. வழக்கமாக வருடா வருடம் செய்ய வேண்டியதில்லை. கண்ணுக்குத் தெரியும்படி பூஞ்சை படர்ந்திருந்தால், எலி பூச்சி குடியிருந்தால், தூசி அடைத்து அறைக்குள் கொட்டினால் செய்யலாம். பூஞ்சைக்குக் காரணமான ஈரத்தை நிறுத்தாமல் குழாயை மட்டும் துடைத்தால் மறுபடி வரும். மருந்து அடிப்பதை லேசில் ஒப்புக்கொள்ளாதே என்றும் எச்சரிக்கிறது. இதைப் படித்தபோது பேரன் மூச்சு இழுத்த இரவு நினைவுக்கு வந்தது. அந்த முகமை எந்தக் கம்பெனிக்கும் சான்றிதழ் கொடுப்பதில்லை என்பதையும் வெளிநாட்டுப் பிள்ளைகள் குறித்துக்கொள்ளட்டும். அதன் பெயரைப் போட்டு அங்கீகாரம் பெற்றவர்கள் என்று நோட்டீஸ் அடித்திருந்தால் முதல் வரியே பொய்.

நோட்டீஸ்காரர்கள் சொல்கிற இன்னொரு கதை, 1976-ல் அமெரிக்காவில் பிலடெல்பியா ஹோட்டலில் ஏ.சி.யால் 29 பேர் செத்தார்கள் என்பது. நடந்தது உண்மை. முன்னாள் படைவீரர்கள் மாநாட்டுக்கு வந்தவர்கள் நிமோனியாவில் இறந்தார்கள், அதனால்தான் அந்தக் கிருமிக்கே லீஜியோனெல்லா என்று பெயர். ஆனால் அந்தக் கிருமி வளர்வது பெரிய கட்டடங்களின் குளிர்விப்புக் கோபுரங்களில் தேங்குகிற வெதுவெதுப்பான தண்ணீரில். உங்கள் படுக்கையறை ஸ்பிளிட்டுக்குக் கோபுரம் ஏது?

சரி, ஆளை எப்படிப் பிடிப்பது? நான் கண்டுபிடித்த ஆளைச் சொல்கிறேன். கொழிஞ்சாம்பாறைப் பையன், ஐ.டி.ஐ.யில் குளிர்சாதனப் பிரிவு படித்தவன். எங்கள் தெருவில் மூன்று வீட்டில் விசாரித்துத்தான் கூப்பிட்டேன். போனில் விலை கேட்டபோது, "வந்து பாத்துட்டுத்தானுங்க ஐயா சொல்ல முடியும். பாக்கறதுக்கு மட்டும் இவ்வளவு ஆகுமுங்க" என்றான். எனக்கு அங்கேயே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. சரக்கைப் பார்க்காமல் விலை சொல்கிற வியாபாரியை நான் என் தொழிலில் நம்பியதில்லை. வந்தவன் முதலில் மெயின் சுவிட்சை அணைத்தான். முகப்பைக் கழற்றி, டார்ச் அடித்து என்னையே பார்க்கச் சொன்னான், போனில் படமும் எடுத்தான். ஹால் ஏ.சி.யைக் கழுவ வேண்டும் என்றான். மற்றொன்றைக் காட்டி, "இது நல்லா இருக்குதுங்க ஐயா. ஃபில்டரை மட்டும் நீங்களே கழுவிக்கோங்க, இப்ப சர்வீஸ் வேண்டாமுங்க" என்றான். வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த மெக்கானிக்கை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அவனிடம் நான் கேட்ட கேள்விகளை அன்பர்களும் கேட்கலாம். எதைக் கழுவுகிறாய், எதை ஊற்றுகிறாய், பாட்டிலைக் காட்டு. பாகம் மாற்றினால் பழையதை என் கையில் கொடு. கெபாசிட்டர் போச்சு, போர்டு போச்சு என்று சொல்லி நல்ல பாகத்தைக் கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள். மொத்தத் தொகையை வேலைக்கு முன்னால் தாளில் எழுது. பில் போடு. நல்லவனுக்கு இந்தக் கேள்விகளால் கோபம் வராது. கோபப்படுகிறவனை வாசலோடு அனுப்புவதில் தவறில்லை.

நம் தரப்பிலும் ஒரு குறை இருக்கிறது, சொல்லாமல் விட முடியவில்லை. வெளிப்பெட்டி மூன்றாவது மாடிச் சுவரில் தொங்கும். இடுப்புக் கயிறு கட்டிக்கொண்டு இறங்க, கூட ஓர் ஆள் பிடிக்க வேண்டும், அதற்குக் கூலி அதிகம் என்றால், அதெல்லாம் எதற்கு, ஜன்னல் விளிம்பில் கால் வைத்துப் பண்ணு என்று பேரம் பேசுகிறோம். நூறு இருநூறு ரூபாய்க்காக ஒருவன் மகனைச் சுவரில் தொங்கவிடலாமா? கயிறு இல்லாமல் இறங்கத் தயாராக இருக்கிறவனை நான் கூப்பிடுவதில்லை. தன் உயிரைப் பார்க்கத் தெரியாதவன் என் வீட்டு ஒயரை என்ன பார்ப்பான்?

மொழியும் ஒரு சிக்கல். நம் பெண்கள் பலருக்கு மலையாளம் பேச வரும், எழுத்து படிக்க வராது. மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ எழுதிய தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பிறகு இதற்குச் சம்மதித்தீர்களே என்பார்கள். படித்துச் சொல்ல ஆள் வரும்வரை கையெழுத்துப் போட வேண்டாம். வேலை அவசரம் என்று சொல்வது அவர்கள் வசதிக்காக.

ஏமாந்துவிட்டால்? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, 2020 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு செய்கிற சேவையில் குறை இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். நாம் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லிப் பார்க்கலாம். நானும் சொன்னேன். எதிலே காசு கொடுத்தீர்கள், பில் இருக்கிறதா, கம்பெனி முகவரி என்ன என்று பொறுமையாகக் கேட்டார்கள். காசு ரொக்கமாகக் கொடுத்தது. பில் இல்லை. நோட்டீஸை மருமகள் அன்றே குப்பையில் போட்டுவிட்டாள், அந்தப் போன் நம்பரும் அணைந்து கிடந்தது. வழக்குப் போடக்கூட எதிராளி இல்லை. நாற்பது வருடம் ஏல வியாபாரத்தில் சீட்டு இல்லாமல் ஒரு கிலோ காய் வாங்காதவன் வீட்டில் நடந்த கதை இது.

இதை எழுதி முடிக்கிற நேரம் கார்த்திகை பிறந்து காற்று தொடங்கிவிட்டது. பேரனுக்கு இப்போது ஆறு வயது. ஃபில்டரைக் கழற்றிக் கழுவுவது அவன் வேலை. வெயிலில் வைத்தால் பிளாஸ்டிக் வளைந்துவிடும் என்று மெக்கானிக் பையன் சொல்லிக் கொடுத்ததால், திண்ணை நிழலில் சாய்த்து வைத்துவிட்டு, காய்ந்ததா தாத்தா என்று அரை மணிக்கு ஒரு முறை வந்து கேட்டுக்கொண்டிருக்கிறான்.